ரெண்டு த்ரெட்

பட்டனை அமுக்கியவன் ரேடியோ. அமுக்கச் சொன்னவள் அண்ணி. ஆகையால், இரண்டு கதவுகளும் திறக்காமல் அடம் பிடித்தபோது யார் மீது பழியைப் போடுவது என்பதில் ரேடியோவுக்குக் கொஞ்சமும் குழப்பமில்லை.

ரேடியோ என்பது அவனுக்கு அண்ணன் வைத்த பட்டம். விழித்திருக்கும் நேரமெல்லாம் வாய் ஓயாது என்பதால் வந்தது. கலியாணமாகி வந்த அண்ணி அந்தப் பெயரையே நிலைக்க வைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தவள், பிள்ளைகள் சொல்லும் பொய்களைக் கண்டுபிடிப்பதில் பாடத்தைவிட ருசி அதிகம் என்று தெரிந்து, துப்பறியும் தொழிலுக்கே வந்துவிட்டாள். கொழுந்தனையும் கூட வைத்துக்கொண்டாள். வண்டி ஓட்டுவது, பை தூக்குவது, எதிராளி எரிச்சலில் எதையாவது உளறும் வரை வாயடிப்பது ஆகியவை அவன் வேலைகள். கடைசி வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

இருவரும் நின்றிருந்தது ஒரு மருந்துக் கிடங்கின் இரட்டைக் கதவு அறை. ஒரு கட்டிலைப் போட்டால் மிச்ச இடம் இருக்காது. ஒரு பக்கம் நடைவழிக்குப் போகும் வெளிக்கதவு, அதில் முகம் தெரியுமளவுக்குத் தடித்த கண்ணாடி. எதிர்ப்பக்கம், மருந்துகள் உறைந்து கிடக்கும் கூடத்துக்குப் போகும் உள்கதவு. குளிர் வெளியே ஓடிவிடக் கூடாது என்பதற்காக, ஒன்று திறந்திருக்கும்போது மற்றது திறக்காது. யாருக்கு எப்போது திறப்பது என்று நடைவழியில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் ஒரு பட்டன், அதன் மேல் ஒரு விளக்கு. கூரையிலிருந்து ஒரு மின்விசிறி இடைவிடாமல் பனிக்காற்றைத் துப்பிக்கொண்டிருந்தது.

அண்ணி உள்கதவின் பட்டனில் விரலை வைத்து, அவனை வெளிக்கதவின் பட்டனிடம் அனுப்பி, மூன்று எண்ணினாள். இருவரும் ஒரே நொடியில் அமுக்கினார்கள். இரண்டு விளக்குகளும் மஞ்சளாகி அப்படியே நின்றுவிட்டன. அதற்கப்புறம் அமுக்கினாலும் குத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை.

"மாட்டிக்கிட்டோம்," என்றாள் அண்ணி. பரீட்சையில் பாஸான குரல்.

"சந்தோஷமாச் சொல்ற விஷயமா அண்ணி இது?"

சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. போன வாரம் இதே அறையில்தான் ஒரு பெண் விறைத்துப்போய்க் கிடந்தாள். கரண்ட் போய்க் கதவுகள் தானாக விட்ட பிறகுதான் அவளை வெளியே எடுக்க முடிந்தது. இந்தக் கதவுகளுக்கான புரோகிராமை எழுதியவளே அவள்தான். உயிர் இருக்கிறது, இன்னும் கண் திறக்கவில்லை. போலீஸ் வாசல் காவலாளியைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டது. அவருக்கும் அவளுக்கும் வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றி வாய்த்தகராறு நடந்ததைப் பார்த்த சாட்சிகள் உண்டு. அதைவிடப் பெரிய சாட்சி அவளுடைய கணவர். மாட்டிக்கொண்ட நேரத்தில் அவள் அவருக்குப் போன் செய்திருக்கிறாள், பாதியில் லைன் அறுந்துவிட்டது. மனைவிக்கு இரண்டு மிரட்டல்கள் வந்ததாகவும், அவளை வெளியே விட மறுத்ததாகவும் அவர் புகார் எழுதிக் கொடுத்திருந்தார். எழுதிக் கொடுத்த பிறகு, ஏதோ இடிக்கிறதே என்று அண்ணியைத் தேடி வந்ததும் அவர்தான். அவள் செத்துப்போனால் காவலாளி கொலைகாரர். அந்த மனிதருக்கு ஜாமீன் கேட்கக்கூட நாதியில்லை.

கணவர் தையல்காரர். இன்று காலை அவருடைய கடையில், வெட்டிய துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து, மனைவி சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் சொல்லச் சொன்னாள் அண்ணி. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"ரெண்டு த்ரெட் இருக்கு. லைப்ரரி மாறிடுச்சு. ரெண்டும் விட மாட்டேங்குது."

அவ்வளவுதான். லைப்ரரி எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புத்தகம் மாற்ற லைப்ரரிக்குப் போன இடத்தில் யாரோ மிரட்டியிருப்பார்கள் என்று அவரே ஒரு கதை கட்டி, 'த்ரெட்' என்பதை 'மிரட்டல்' என்று நல்ல தமிழில் மாற்றிப் போலீஸுக்குக் கொடுத்துவிட்டார்.

அண்ணி லைப்ரரியைக் கண்டுகொள்ளவே இல்லை. கடைசி வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"'மாட்டேங்குது'ன்னா சொன்னாங்க? 'மாட்டேங்கறாங்க'ன்னு இல்லையே?"

"மாட்டேங்குதுதாங்க. நல்லா ஞாபகம் இருக்கு."

"மிரட்டினது ஆளுங்கன்னா 'மாட்டேங்கறாங்க'ன்னுதான வாயில வரும். இது அஃறிணை. உயிர் இல்லாத ஏதோ ரெண்டு."

வீட்டில் கோபம் வந்தால் தன்னையும் 'அது சாப்பிட்டுதா' என்றுதான் விசாரிக்கிறார்கள் என்று ரேடியோ நினைவூட்டினான். அண்ணி அதை மறுக்கவில்லை. ஆனால் அவள் மேசைமேல் கிடந்த ஒரு நூல்கண்டை எடுத்து உருட்டிக்கொண்டே, இதற்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று தையல்காரரைக் கேட்டாள். மனுஷருக்கு முகம் வெளுத்துவிட்டது. கடையில் எல்லோரும் நூல் என்றுதான் சொல்லுவோம், த்ரெட் என்றால் போலீஸ்காரர்கள் பேசும் த்ரெட் என்று நினைத்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். மிரட்டலுக்கும் நூலுக்குமான இங்கிலீஷ் வார்த்தைகளுக்குத் தமிழ் வாயில் ஒரே உச்சரிப்பு. அந்த உச்சரிப்பு ஒரு காவலாளியை லாக்கப்பில் உட்கார வைத்திருந்தது.

மிச்சத்தை அந்தப் பெண்ணோடு வேலை பார்க்கும் தோழி விளக்கினாள். ஒரு புரோகிராம் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று காரியங்களைப் பார்க்க வேண்டுமானால், காரியத்துக்கு ஒன்றாக அதைப் பிரித்து ஓட விடுவார்கள். அந்த ஒவ்வொன்றுக்கும் பெயர் த்ரெட். அவற்றை ஓட்டுவதற்கு மெஷினிலேயே தயாராக வரும் சரக்குக்கு லைப்ரரி என்று பெயர். இங்கே வெளிக்கதவுக்கு ஒரு த்ரெட், உள்கதவுக்கு ஒரு த்ரெட். ஒவ்வொன்றும் முதலில் தன் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகு அடுத்த கதவையும் பிடித்து அது மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறம்தான் திறக்கலாம். இரண்டும் ஒரே நொடியில் தன் தன் கதவைப் பிடித்துக்கொண்டால் அப்படியே நின்றுவிடுமே, எழுதிய விதத்திலேயே ஓட்டை இருக்கிறதே என்று அண்ணி கேட்டதற்குத் தோழி ஒப்புக்கொண்டாள். ஆனால் பழைய மெஷினில் அந்த ஓட்டை வெளியே தெரியவே தெரியாதாம். அதில் ஒரே ஒரு பிராசசர், அதன் பழைய லைப்ரரியும் ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைக் கூப்பிடும் சுபாவம். புது மெஷினில் பிராசசருக்குள்ளேயே நாலு மூளை, புது வெர்ஷன் லைப்ரரி இரண்டையும் நிஜமாகவே ஒரே நேரத்தில் ஓட விட்டுவிடும். புரோகிராமில் ஓர் எழுத்துகூட மாறாது, நடத்தை மட்டும் மாறிப்போகும். அதனால்தான் அவள், என்னைக் கேட்காமல் மெஷினை மாற்றாதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள் என்றாள் தோழி.

ரேடியோவுக்கு அது அவர்கள் வீட்டுக் குளியலறையாகத்தான் விளங்கியது. அண்ணன் வாளியை எடுத்துக்கொண்டு நிற்பான், இவன் குவளையை எடுத்துக்கொண்டு நிற்பான். குவளை கொடுத்தால் குளித்துவிட்டு வாளி தருகிறேன் என்பான் அவன். வாளி கொடுத்தால் குளித்துவிட்டுக் குவளை தருகிறேன் என்பான் இவன். இரண்டு பேரும் குளிக்காமலே ஆபீஸ் போன நாட்கள் உண்டு.

ஆக, மஞ்சள் விளக்கு நின்றதும் அண்ணிக்கு வேண்டிய சாட்சி கிடைத்துவிட்டது. உள்ளே ஓடுவது பழைய மெஷின் இல்லை.

கிடங்கின் மேற்பார்வையாளர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னதோ வேறு. நடைவழிச் சுவரில் இருக்கும் இரும்பு அலமாரியைக் காட்டி, மெஷின் இதற்குள்தான் இருக்கிறது, மருந்துத் துறை ஆய்வாளர் போட்ட ஈயச் சீல் அப்படியே இருக்கிறது பாருங்கள், அதை உடைத்தால் மறுபடி பரிசோதனை, அதுவரைக்கும் கிடங்கையே மூட வேண்டும் என்று விளக்கியிருந்தார். தணிந்த குரல், ஒழுங்காக வாரிய தலை. வந்தவர்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார், குளிர்ச் சட்டை எடுத்துக் கொடுத்தார். சம்பவம் நடந்த அன்று காய்ச்சலில் வீட்டில் கிடந்ததாகச் சொல்லி, நான் இருந்திருந்தால் அந்தப் பொண்ணுக்கு இப்படி ஆகவிட்டிருப்பேனா என்று கண் கலங்கவும் செய்தார். போன்களை மட்டும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். சிக்னல் பட்டால் தெர்மாமீட்டர்கள் தப்புக் காட்டுமாம்.

சுவரில் ஓர் இன்டர்காம் தொங்கியது. அண்ணி ரிசீவரை எடுத்து, அலமாரியைத் திறந்து மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிடும்படி மேற்பார்வையாளரிடம் சொன்னாள். காந்தப் பூட்டுதானே, கரண்ட் போனால் கதவு தானாக விட்டுவிடும் என்றாள். இதோ சாவி எடுத்து வருகிறேன் என்றார் அவர்.

வரவில்லை.

கொடுத்திருந்த சட்டை விருந்தாளிச் சட்டை, குளிரைத் தாங்குகிற ஜாதி இல்லை. ரேடியோவுக்கு முதலில் காது மடல் எரிந்தது, பிறகு காது இருப்பதே தெரியாமல் போயிற்று. அவசரத்துக்கு இழுக்க உள்ளே ஒரு கைப்பிடி இருந்திருக்கிறது. அந்தப் பெண் இழுத்த இழுப்பில் உடைந்து வந்ததாம். அதைச் சாட்சிப் பொருளென்று போலீஸ் எடுத்துப் போய்விட்டது. சுவரில் இரண்டு திருகாணிகளின் மொட்டை மட்டும் மிச்சம். இத்தனை இறுக்கமான ஓர் இடத்தில் அவன் இதுவரை நின்றதில்லை. லிஃப்டுக்குப் பயந்தே மாடிப்படி தேடுகிறவன் அவன்.

"அண்ணி, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான். பேசிக்கிட்டே இரு, நின்னுடாத."

அப்போதுதான் அவள் இரண்டு பட்டன்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவனை நடுவில் நிற்க வைத்துக் கைகளை விரித்து, இரண்டையும் ஒரே சமயத்தில் தொடச் சொன்னாள். ரேடியோ நல்ல உயரம். அப்படியும் ஒன்றைத் தொட்டால் அடுத்தது எட்டவில்லை.

"அந்தப் பொண்ணு தனியாத்தான இருந்தா?"

"ஆமா."

"தனி ஆளால ரெண்டையும் ஒண்ணா அமுக்க முடியாது. அவ உள்கதவை அமுக்கின அதே நேரத்துல, வெளிய நின்னு இன்னொருத்தர் வெளிக்கதவை அமுக்கியிருக்கணும். வெளிப்பக்கமும் ஒரு பட்டன் இருக்கே."

அப்படியானால் காவலாளிதான் வந்திருப்பார், போலீஸ் சொன்னதே சரியாகிவிடுமே என்று ரேடியோ பல் கிட்டியபடி கேட்டான். இல்லையென்று அண்ணி தலையை ஆட்டினாள். வந்தது காவலாளியாக இருந்தால், உள்ளே ஒருத்தி மாட்டிக்கொண்டு கண்ணாடியைத் தட்டுவதைப் பார்த்ததும் சீலாவது மண்ணாவது என்று அலமாரியை உடைத்துப் பிளக்கைப் பிடுங்கியிருப்பார். இல்லை, ஊரைக் கூட்டியிருப்பார். தகராறு செய்கிறவனுக்குச் சத்தம் போடத் தெரியும். இங்கே வந்தவர் சத்தமே போடவில்லை. அந்தச் சீல் உடையக் கூடாது என்பது அவருக்கு ஓர் உயிரைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. அலமாரிக்குள் புது மெஷின் இருப்பது தெரிந்துவிடும் என்று பயப்படக் கூடியவர், அதை வைத்தவர் மட்டும்தான்.

"அன்னிக்கு அவ இங்கிருந்து போன் பண்ணியிருக்கா," என்றாள் அண்ணி. "அதுக்கப்புறம்தான் இங்க போனே கொண்டுவரக் கூடாதுன்னு சட்டம் வந்திருக்கு. தெர்மாமீட்டர் ஒண்ணும் கெட்டுப்போகல."

பேச்சு மும்முரத்தில் ரிசீவரைத் தாங்கியில் வைக்காமல் தொங்கவிட்டிருந்ததை ரேடியோ அப்போதுதான் கவனித்தான். அதிலிருந்து யாரோ மூச்சு விடும் சத்தம் வந்துகொண்டிருந்தது. இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேற்பார்வையாளர் சுவர் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அலமாரிச் சாவி கையில்தான் இருந்தது.

டீ வாங்கிக் கொடுத்த கையாயிற்றே என்று ரேடியோவுக்கு நம்பவே முடியவில்லை. இவ்வளவு பேரில், இவர்களை வெளியே விடக் கூடிய ஒரே மனிதர், விடாமலிருக்கக் காரணம் உள்ள ஒரே மனிதராகவும் இருந்தார்.

அண்ணி ரிசீவரை எடுத்தாள். அவர் அதே தணிந்த குரலில் பேசினார். பழைய மெஷின் செத்துப்போனது, மேலிடத்துக்குச் சொன்னால் ஏன் முன்பே பார்க்கவில்லை என்று தன் வேலையைத்தான் பிடுங்குவார்கள், ஆய்வாளர் சீல் வைக்க வருவதற்கு முதல் நாள் புரோகிராமை அப்படியே காப்பி அடித்துப் புதிதில் போட்டேன், அவரும் உள்ளே பார்க்காமல் சீல் வைத்துவிட்டுப் போனார், நன்றாகத்தானே ஓடியது என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"த்ரெட்னா மிரட்டல்தான்னு எழுதிக் கண்ணாடியில காட்டுங்க டீச்சர். கையெழுத்தும் போடுங்க. திறந்துடறேன்."

"முதல்ல திறங்க. அப்புறம் பேசலாம்."

"முதல்ல எழுதுங்க."

"முதல்ல திறங்க."

"வாளி, குவளை," என்று முணுமுணுத்தான் ரேடியோ. உதடு பாதிதான் அசைந்தது.

எழுதிக் கொடுத்துவிடலாம், வெளியே போய் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவன் கெஞ்சினான். வெட்கமில்லாமல் கெஞ்சினான். அண்ணி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள். எழுதிக் கொடுத்துவிட்டு இருவரும் இங்கேயே விறைத்துப்போனால் அவருக்கு அதைவிட வசதி வேறென்ன என்று அவள் கேட்டபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் வந்தது கன்னத்தில் இறங்குவதற்குள் சில்லிட்டுப் போனது.

அவள் பொத்தியிருந்த கையை எடுத்தாள். பிறகு ரிசீவரில் பேசினாள், வகுப்பில் பாடம் நடத்துகிற நிதானத்தோடு.

"நீங்க எங்கிட்ட இருக்கறதாக நெனச்சுக் கேக்கறது இப்ப எங்கிட்ட இல்லீங்க. அந்த ரகசியத்தைக் காலைலயே விட்டுட்டேன். தையல்காரருக்கு எல்லாம் தெரியும், இந்நேரம் ஸ்டேஷன்ல உக்காந்திருப்பாரு. அந்த அலமாரியை எப்படியும் இன்னிக்குத் திறக்கத்தான் போறாங்க. அதுக்கு முன்னாடி இங்க ரெண்டு பொணம் கிடக்கணுமா வேண்டாமா, அது மட்டும்தான் உங்க கையில இருக்கு. நான் எதுவும் கேக்கல. வச்சிடறேன்."

வைத்தே விட்டாள். ரிசீவர் தாங்கியில் உட்கார்ந்த சத்தத்தில் ரேடியோவுக்கு நெஞ்சு நின்றுவிடும்போல் இருந்தது. பேச்சையாவது நீட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று நினைத்தான்.

கண்ணாடியில் தெரிந்த முகம் அசையவில்லை. அப்புறம் விலகியது. வெறும் நடைவழிதான் தெரிந்தது. மின்விசிறி துப்பிக்கொண்டே இருந்தது. ரேடியோ கதவில் சாய்ந்து உட்காரப் போனான். அண்ணி அவன் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாய் என்று திட்டினாள். அவன் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வேன் என்று அவள் தனக்குள்ளே சொல்லிக்கொண்டது அவன் காதில் விழுந்தது.

மின்விசிறி நின்றது. இரண்டு மஞ்சள் விளக்குகளும் அணைந்தன. அவன் சாய்ந்து நின்ற வெளிக்கதவு அவனுடைய பாரத்துக்கு மெல்ல இடம் கொடுக்க, ரேடியோ நடைவழியில் போய் மல்லாந்து விழுந்தான்.

அலமாரி திறந்து கிடந்தது. பழைய மெஷின் இருந்த இடம் தூசியில் பெரிய சதுரமாகத் தெரிந்தது. அதன் நடுவே புத்தம் புதிதாக, பாதி அளவில் ஒரு பெட்டி. அறுந்த ஈயச் சீல் தரையில் கிடக்க, மேற்பார்வையாளர் அதற்குப் பக்கத்தில் சுவரோடு உட்கார்ந்திருந்தார். பிடுங்கிய பிளக் இன்னும் கையிலேயே இருந்தது.

நிஜமாகவே தையல்காரர் ஸ்டேஷனில் இருக்கிறாரா என்று ரேடியோ அண்ணியின் காதில் கேட்டான். எங்கே, கடையில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருப்பார், எனக்கே உள்ளே வந்த பிறகுதானே இவர் என்று தெரிந்தது என்றாள் அவள். வேறொரு சமயமாக இருந்தால், தமிழ் டீச்சர் இப்படிப் பொய் சொல்லலாமா என்று அவன் ஒரு வாரத்துக்கு ஓட்டியிருப்பான்.

"அவங்களைத் தடுக்கத்தான் அன்னிக்கு ஓடி வந்தேன்," என்றார் மேற்பார்வையாளர், யாரும் கேட்காமலே. "உள்ள போய்க் கதவைச் சோதிச்சுப் பாத்தாங்கன்னா மெஷின் மாறினது தெரிஞ்சுடுமேன்னு அவசரமா அமுக்கினேன். மாட்டிக்கிச்சு. இந்தச் சாவி கையிலதான் இருந்துச்சு. அவங்க தட்டிக்கிட்டே இருந்தாங்க. நான் சீலைப் பாத்துக்கிட்டே நின்னேன்."

அண்ணி அவருடைய சட்டைப் பையிலிருந்து அவர் போனை எடுத்தாள். ஸ்டேஷனுக்குப் போட்டு, மணி அடிப்பது கேட்டதும் அவர் காதில் வைத்தாள். அவர் பிளக்கைக் கீழே வைத்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டார். மறுமுனையில் யாரோ என்ன வேண்டும் என்று இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"அந்த வாட்ச்மேனை விட்டுடுங்க சார்," என்றார். "கதவுக்கு வெளிய நின்னது நான்."